ஒரே பக்கம் சாய்ந்த மரங்கள்

மாலை 5.40.

மர மில்லின் ஆபீஸ் ரூம் கதவைத் தள்ளித் திறந்த சின்னவர், "அண்ணே!" என்று அலறினார். பின்னால் வந்த இரண்டு கூலியாட்களும் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்கள். மாதிரிப் பலகைகள் அடுக்கிய பெரிய ஷெல்ஃப் சுவரை விட்டுச் சரிந்து கிடந்தது. அதன் அடியில் குப்புற விழுந்திருந்தார் மில் முதலாளி. ஊரில் அவரைப் பெரியவர் என்பார்கள், அவர் தம்பியைச் சின்னவர் என்பார்கள். பெரியவரின் பின்மண்டையில் ரத்தம் உறைந்திருந்தது. மேற்குச் சுவரின் இரண்டு ஜன்னல்களிலும் கண்ணாடி இல்லை. சில்லுகள் எல்லாம் வெளியே சேற்றின் மேல் கிடந்தன.

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 4.10க்கு ஆரம்பித்த காற்று கால் மணி நேரத்தில் ஊரைப் புரட்டிப் போட்டிருந்தது. அதன் பிறகு 4.50 வரை மண்ணைச் சேறாக்கிய தூறல். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், ஒரு பலகை அடுக்கு எம்மாத்திரம்? பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்க ஒரே பேச்சு: சுழற்காற்று. மறுநாள் பொழுது விடிவதற்குள் பேச்சு ஒரு ஆளின் மேல் தாவியிருந்தது: காத்துக்காரம்மா.

வானிலை நிலையத்தில் காற்றையும் மழையையும் அளந்து எழுதுவது அவருடைய உத்தியோகம். இருபத்தாறு வருஷமாக அதே நாற்காலி. பட்டப்பெயரை வைத்தது ஊர்தான், பாதி கேலி, பாதி மரியாதை. பலத்த காற்று வருகிறது என்று தெரிந்தால் பத்து இடங்களுக்கு அவரே போன் பண்ணிச் சொல்வார். முந்தின நாள் மில்லுக்குச் சொன்னது சரியாக 3.50க்கு.

"ஜன்னல் கதவெல்லாம் மூடிட்டு, கண்ணாடியை விட்டுத் தள்ளி உக்காருங்க. பலமான காத்து வருது."

"மூடவா?" என்று சிரித்தார் பெரியவர். "திறந்து வைக்கணும்னுதானேம்மா சொல்லுவாங்க? மூடி வெச்சா உள்ள இருக்கற காத்து வீட்டையே வெடிக்க வெச்சுடுமாமே?"

"அது தப்பான பேச்சுங்க. மூடுங்க."

"சரிம்மா. நீங்க சொன்னா சரி."

அந்தக் கடைசி மூன்று வார்த்தைகள் காத்துக்காரம்மாவை இரவு முழுக்கத் தூங்க விடவில்லை.

காலை 9.15.

மில் வாசலில் கூட்டம். இன்ஸ்பெக்டர் கையில் ஒரு தாளோடு காத்திருந்தார்.

"மேடம், ரெண்டு வரி போதும். சுழற்காத்துல போன உயிர்னு எழுதிக் கையெழுத்துப் போட்டீங்கன்னா ஃபைலை மூடிடுவேன். ஊர்ல இன்னும் ஆயிரம் வேலை கிடக்கு."

காத்துக்காரம்மா பேனாவை வாங்கவில்லை. எதிரே பெரியவரின் மனைவி வந்து நின்றிருந்தார். அழுது ஓய்ந்த முகம். குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"நீங்கதானே மூடச் சொன்னீங்க?"

"ஆமாம்மா. நான்தான்."

"உங்க பேச்சுக்கு அவர் மறுபேச்சு பேச மாட்டாரே."

"பேசாமலா இருந்தாரு அண்ணி?" என்று பாய்ந்தார் சின்னவர். "திறந்து வைக்கணும்னு சொல்வாங்களேன்னு அண்ணன் கேக்கத்தானே செஞ்சாரு! கேட்டும் மூடு மூடுன்னு அடிச்சுச் சொன்னாங்க. ரூம் வெடிச்சு, கண்ணாடி வெளிய சிதறி, மனுஷன் போய்ச் சேர்ந்தாரு. ஒரு வார்த்தைல எங்க குடும்பத்தை நடுத்தெருவுல விட்டுட்டாங்க!"

கூட்டம் முணுமுணுத்தது. காத்துக்காரம்மாவுக்கு அந்தப் பேச்சில் எதுவோ நெருடியது. எது என்று பிடிபடவில்லை. மடியில் கனம் இருக்கும்போது காது சரியாகக் கேட்பதில்லை.

"எழுதித் தரேன் சார்," என்றார் இன்ஸ்பெக்டரிடம். "ஆனா பாக்காம எழுத மாட்டேன். மூணரை மணிக்கு இன்னொரு காத்தும் கனமழையும் வருது. அதுக்குள்ள பாத்துடணும்."

"வந்தா என்ன?"

"நேத்து வந்த காத்தோட தடம் எல்லாம் கழுவிப் போயிடும்."

காலை 10.00.

இருவரும் மேற்குச் சாலையில் நடந்தார்கள். காத்துக்காரம்மா விழுந்த மரங்களை எண்ணினார். நாற்பத்தேழு மரம், ஆறு விளக்குக் கம்பம், ஒரு பெரிய விளம்பரப் பலகை. அத்தனையும் கிழக்கே தலை வைத்துப் படுத்திருந்தன. ஒன்றுகூட மாறிக் கிடக்கவில்லை.

"இது சுழற்காத்து இல்ல சார்."

"என்ன மேடம்! ரயில் வர்ற மாதிரி சத்தம் கேட்டுச்சுன்னு ஊரே சொல்லுது."

"எந்தப் பெருங்காத்துக்கும் அந்தச் சத்தம் உண்டு."

"கூரையெல்லாம் பறந்திருக்கே?"

"நேர்க்காத்துலயும் பறக்கும். சேதம் எவ்வளவுன்னு பாத்து எது வந்துச்சுன்னு சொல்ல முடியாது. எந்தப் பக்கம் விழுந்துதுன்னு பாத்துதான் சொல்லணும். சுழற்காத்தா இருந்தா மரம் ஒண்ணு இப்படி, ஒண்ணு அப்படின்னு குறுக்க நெடுக்கக் கிடக்கும். இது மேகத்துலேர்ந்து பொத்துன்னு கீழ விழுந்த காத்து. ஒரு வாளித் தண்ணிய தரையில கவுத்தா எப்படிப் பரவி ஓடும்? ஊருக்கு மேற்க விழுந்துருக்கு, நம்ம பக்கம் கிழக்க பாத்து ஓடியிருக்கு."

இன்ஸ்பெக்டர் ஒரு வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். காற்று கிழித்த இலைத்துணுக்குகள் மணலோடு குழைந்து பச்சைப் பூச்சாக அப்பிக் காய்ந்திருந்தன. தெரு நெடுக மேற்குப் பார்த்த சுவர்களில்தான் அந்தப் பச்சை. கிழக்குச் சுவர்கள் துடைத்துவிட்டது போல் சுத்தம். நகத்தால் சுரண்டினால்தான் இலை உதிர்ந்தது.

"இதை வெச்சு என்ன செய்யறது?" என்றார் இன்ஸ்பெக்டர், விரலைத் துடைத்துக்கொண்டே.

"தெரியல. ஆனா எல்லாத்தையும் பாத்துடலாம்."

காலை 11.30.

ஆபீஸ் ரூமின் மேற்குச் சுவருக்கு வெளியே காத்துக்காரம்மா குந்தி உட்கார்ந்தார். ஒரு சில்லை எடுத்தார். திருப்பினார். இன்னொன்றை எடுத்தார். பத்தாவது சில்லை எடுத்ததும் இன்ஸ்பெக்டரை அருகே வரச் சொன்னார்.

"சார், மேற்கிலேர்ந்து அடிக்கற காத்து மேற்கு ஜன்னலை உடைச்சா, கண்ணாடி எங்க விழணும்?"

"ரூமுக்குள்ள."

"எங்க கிடக்கு?"

"வெளிய. அதான் உள்ள அழுத்தம் தாங்காம வெடிச்சுதுன்னு..."

"எந்த வீடும் அப்படி வெடிக்காது. காத்து போக வர இடுக்கு எங்கயும் உண்டு. ஊருக்கு ஊர் சொல்ற கதை அது. சரி, என் பேச்சை விடுங்க. இந்தச் சில்லைப் பாருங்க."

ஒரு பக்கம் வெறும் கண்ணாடி. மறுபக்கம் முழுக்கப் பச்சை அப்பிக் காய்ந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் மந்தமான ஆள் இல்லை. சில்லையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். சுவரிலும் அதே பச்சை.

"காத்து அடிச்ச அவ்வளவு நேரமும் இது சட்டத்துலயே இருந்துருக்கு," என்றார் மெதுவாக.

"ஆமா. முன்னாடியே விழுந்திருந்தா சேத்துல புதைஞ்சிருக்கும். இது சேத்து மேல கிடக்கு. மழை விட்டதுக்கு அப்புறம், 4.50க்கு மேல, யாரோ உள்ளேர்ந்து உடைச்சுருக்காங்க."

சொல்லி முடித்ததும் அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது. தன் வார்த்தை ஒரு உயிரைக் குடிக்கவில்லை. அந்த நிம்மதி ஒரு மூச்சுதான் நின்றது. அப்படியென்றால் பெரியவரைக் கொன்றது காற்று இல்லை, ஆள்.

"எரியற வீட்டுல பிடுங்கினது லாபம்னு ஒருத்தன் காத்து மேல பழியைப் போட்டுருக்கான்," என்றார் இன்ஸ்பெக்டர். தாளை மடித்துப் பையில் வைத்தார். வாசலில் நின்ற போலீஸ்காரரிடம், "மில் மேஸ்திரியைக் கூப்பிடு!" என்றார்.

பகல் 12.40.

மேஸ்திரி மேல் சந்தேகம் விழக் காரணம் இருந்தது. மூன்று மாதம் முன்பு ஓடுகிற ரம்பம் ஒரு தொழிலாளியின் வலது கையை மணிக்கட்டோடு எடுத்திருந்தது. ரம்பத்தின் மேல் இருக்க வேண்டிய பாதுகாப்பு மூடி அன்று கழற்றப்பட்டிருந்தது. பழி மேஸ்திரி தலையில். விசாரணை இன்றைக்கு நடப்பதாக இருந்து, சாவினால் தள்ளிப் போயிருந்தது.

"நேத்து எப்போ கிளம்பின?"

"மூணே முக்காலுக்குங்க. வானம் கறுத்ததைப் பாத்து பெரியவரே எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாரு."

"போய்?"

மேஸ்திரி தலையைக் குனிந்தார். "எல்லா ஜன்னலையும் திறந்து வெச்சேங்க."

"ஏன்?"

"வீடு வெடிக்காம இருக்கத்தான். மூடணும்னு காத்துக்காரம்மா சொன்னதா என் சம்சாரம் சொன்னா. அந்தம்மாவுக்கு என்ன தெரியும்னு நான்தான் அடக்கிட்டேன். காத்து திறந்த ஜன்னல் வழியா உள்ள பூந்து, கூரையை அப்படியே தூக்கிட்டுப் போயிடுச்சு. பொண்டாட்டி புள்ளைங்களோட கட்டிலுக்கு அடியில கிடந்தோம். தெரு ஆளுங்க வந்து இழுத்து வெளிய விட்டாங்க. ஆறு மணி வரைக்கும் அவங்களோடதான் இருந்தேன்."

ஒரு போலீஸ்காரர் போய் விசாரித்துவிட்டு வந்தார். தெருவே சாட்சி சொன்னது. மேஸ்திரி வீட்டில் நான்கு சுவரும் வானமும்தான் மிச்சம்.

"பெரியவரோட உனக்கு என்ன தகராறு?" இன்ஸ்பெக்டர் விடவில்லை.

"தகராறு தீர்ந்துடுச்சுங்க. நேத்து காலைல கூப்பிட்டாரு. 'மூடியைக் கழட்டினது நீ இல்லன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீ லீவுல இருந்த அன்னைக்கு நடந்திருக்கு. நாளைக்கு விசாரணையில யாருன்னு நானே சொல்றேன்'னாரு. யாருன்னு கேட்டேன். சொல்லல. சொல்லும்போது கண்ணு கலங்கிடுச்சு அவருக்கு."

இன்ஸ்பெக்டரும் காத்துக்காரம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேஸ்திரிக்குச் சொல்லாத பெயர். சொல்லக் கண் கலங்குகிற பெயர்.

பகல் 1.30.

சின்னவர் தயங்காமல் பதில் சொன்னார்.

"மூணு மணிக்கு வேன்ல பலகை ஏத்திட்டுக் கிளம்பினேன். கிழக்க, டவுனுக்கு. திரும்பி வரும்போது ரயில்வே பாலத்துக்கிட்ட வானம் இருட்டிடுச்சு. பாலத்துக்கு அடியில நிறுத்திட்டேன். அதைவிடப் பத்திரமான இடம் ஏது?"

"எவ்வளவு நேரம்?"

"காத்து, மழை எல்லாம் நிக்கற வரைக்கும்."

"வண்டி எந்தப் பக்கம் பாத்து நின்னுச்சு?" இது காத்துக்காரம்மா.

"மில்லைப் பாத்துதான். மேற்க. ஏன்?"

"காத்து எப்படி இருந்துது?"

"சுத்திச் சுத்தி அடிச்சுது. நாலாப் பக்கமும். உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"நடுவுல இறங்கினீங்களா? வண்டியைத் திருப்பினீங்களா?"

"அசையவே இல்ல." சின்னவர் எழுந்தார். "நேரம் போகுது. அண்ணன் காரியத்தைப் பாக்கணும்."

பகல் 2.10.

பாலத்தின் அடியில் போகும் சாலை நேர் கிழக்கு மேற்காக ஓடியது. இரண்டு பக்கமும் கல்சுவர். ஒரு வண்டி போனால் எதிர்வண்டி காத்திருக்க வேண்டும். மேற்கு வாயின் ஓரக்கற்கள் மணல் அடித்து வெளுத்திருந்தன. ஒடிந்த கிளைகளை யாரோ ஓரமாகக் குவித்திருந்தார்கள்.

"இங்க நின்னா எப்படி இருந்துருக்கும் மேடம்?"

"புனல் வழியா ஊதற மாதிரி. பாலம் காத்தை நெருக்கி இன்னும் வேகமாக்கும். மறைவுன்னு நினைச்சு ஓடி வர்றாங்க, இதுதான் மோசமான இடம்." அவர் சுவருக்குச் சுவர் அடி வைத்து அளந்தார். பதினோரு அடி. மேற்கே வானம் ஈயம் போல் கறுக்கத் தொடங்கியிருந்தது.

"சார், சீக்கிரம் மில்லுக்குப் போகணும்."

"என்ன பாக்கணும்?"

"வேனை."

பகல் 2.50.

மில் முற்றத்தில் காற்றே இல்லை. மரத்தூள் வாசனை புழுக்கத்தில் மூச்சை அடைத்தது. வாசலோரம் வெள்ளை வேன் நின்றது. நேற்று ஊரில் எந்த வண்டிதான் அழுக்காகவில்லை? அதனால் அதைக் கழுவ வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அதை ஓட்டியவருக்கும்கூட.

எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார் இன்ஸ்பெக்டர். சின்னவர், மேஸ்திரி, பெரியவரின் மனைவி.

"முன் கண்ணாடியைப் பாருங்க," என்றார் காத்துக்காரம்மா. "ஒரு கீறல் இல்ல. ஒரு இலை இல்ல. மேற்க பாத்து பாலத்துக்கு அடியில நின்ன வண்டிக்கு, மேற்கிலேர்ந்து வந்த காத்து முதல்ல முகத்துலதான் அறையும்."

"சுழற்காத்துக்கு ஏதும்மா மேற்கும் கிழக்கும்!" என்றார் சின்னவர்.

"அப்படின்னா நாலு பக்கமும் அப்பியிருக்கணுமே? வலது பக்கம் சுத்தம். பின்னாடி சுத்தம். இடது பக்கம் மட்டும் பச்சை."

அவர் வண்டியின் இடது பக்கம் போய் நின்றார். மேல் பாதி முழுக்க இலைப்பூச்சு. கீழ்ப்பாதியில் ஒன்றும் இல்லை. இரண்டுக்கும் நடுவே கோடு போட்டது போல் ஒரு விளிம்பு, நடுவில் ஒரு இடத்தில் படிக்கட்டு மாதிரி இறங்கி ஓடியது.

"பாலத்துக்கு அடியில பதினோரு அடி அகலம். இந்த வண்டி அதுல குறுக்க நிக்கவே முடியாது. இடது பக்கம் காத்தைப் பாக்கணும்னா வண்டி வடக்க பாத்து நிக்கணும். கீழ்ப்பாதியை ஏதோ மறைச்சிருக்கணும். மேஸ்திரி, இதை அந்தப் பலகை அடுக்குக்கு இந்தப் பக்கம் கொண்டு வந்து நிறுத்துங்க. வடக்க பாத்து."

ஆபீஸ் ரூமுக்கு எதிரே இடுப்பு உயரத்துக்கு ஒரு பலகை அடுக்கு இருந்தது. மேஸ்திரி வேனை அதன் கிழக்கே ஒட்டி நிறுத்தினார். அடுக்கின் மேல் விளிம்பும் வண்டியின் பச்சைக் கோடும் ஒன்றாகப் பொருந்தின. அடுக்கில் ஒரு வரிசை குறைந்த இடத்தில் கோடும் ஒரு படி இறங்கியது.

மேற்கே இடி உருண்டது.

"நேத்து காத்து அடிக்கும்போது வண்டி இங்க நின்னுருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர். "வண்டிக்காரரும் இங்கதான் இருந்திருக்காரு."

"இதெல்லாம் ஒரு சாட்சியா?" சின்னவரின் குரல் உடைந்தது. "இலையும் தழையும்!"

"இன்னொண்ணும் இருக்கு," என்றார் காத்துக்காரம்மா. "காலைல கேட்டப்பவே எனக்கு நெருடிச்சு. திறந்து வைக்கணும்னு சொல்வாங்களேன்னு அண்ணன் கேட்டதா சொன்னீங்க. கேட்டாருதான். 3.50க்கு, என்கிட்ட, போன்ல. மேஸ்திரியும் ஆளுங்களும் அப்போ போயாச்சு. அவர் அப்படிக் கேட்டதை நான் யார்கிட்டயும் சொல்லல. மூணு மணிக்கே போன உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அண்ணன் அப்புறம் போன்ல..."

"அந்த அழைப்புக்கு அப்புறம் அவர் போன்லேர்ந்து யாருக்கும் பேசல, வந்த கால் எதையும் எடுக்கவும் இல்ல," என்றார் இன்ஸ்பெக்டர். "மத்தியானமே எடுத்துப் பாத்துட்டேன்."

சின்னவர் பலகை அடுக்கைப் பிடித்துக்கொண்டார். பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"சீக்கிரமா டவுன்லேர்ந்து வந்துட்டேன். அந்தப் போன் வந்தப்போ ரூம்லதான் இருந்தேன். கெஞ்சினேன். மூடியைக் கழட்டச் சொன்னது நான்தான், வேலை வேகமா நடக்கணும்னு. அதுல ஒருத்தன் கை போச்சு. வெளிய சொன்னா நான் ஜெயிலுக்குப் போவேன்னு கால்ல விழுந்தேன். 'கை போனவனுக்கு என்னடா பதில் சொல்றது'ன்னு திரும்பிக்கிட்டாரு. என் கைல பலகை இருந்துச்சு..." அவர் நிறுத்தினார். "ஜன்னலை மூடிட்டுத்தான் என்னோட பேசவே வந்தாரு. காத்தும் மழையும் நின்னதும், மூடின ரூம் வெடிக்கும்னு எல்லாரும் சொல்றாங்களே, அப்படியே ஆகட்டும்னு கண்ணாடியை உடைச்சு, ஷெல்ஃபைச் சரிச்சு விட்டேன்..."

"அண்ணி," என்று நிமிர்ந்து பார்த்தார்.

சின்னவர் பள்ளிக்கூடம் போன நாளில் தலை வாரிவிட்ட அண்ணி. அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதல் மழைத்துளிகள் வேனின் மேல் விழுந்தன. பச்சை கரைந்து ஒழுகுவதற்குள் போலீஸ்காரர் அதை நாலு பக்கமும் படம் எடுத்து முடித்தார்.

பகல் 3.15.

சின்னவரை ஏற்றிக்கொண்டு ஜீப் போனது. வாசலில் கூட்டம் கலையவில்லை. காத்துக்காரம்மா போனை எடுத்து வரிசையாகப் பத்து இடங்களையும் கூப்பிட்டார். கூட்டத்தில் ஒருவன் கேட்டான்: "இன்னைக்கு என்னம்மா, திறக்கணுமா, மூடணுமா?"

கேலியா பயமா என்று அவனுக்கே தெரியவில்லை. யாரும் அசையவில்லை. முந்தின நாள் அவர் சொல்லை நம்பி ஒரு ஆள் செத்தார் என்றுதான் காலையிலிருந்து பேசியிருந்தார்கள். அரை மணி நேரத்தில் அதை விழுங்கிவிட முடியுமா? காற்றோ இன்னும் கால் மணி நேரத்தில் வந்துவிடும்.

"மூடணும்," என்றார் அவர்.

பெரியவரின் மனைவி முற்றத்தைக் கடந்து தன் வீட்டுக்குள் போனார். வாசலிலிருந்து எல்லோருக்கும் தெரிந்தது. முதல் ஜன்னலை இழுத்துக் கொக்கி போட்டார். இரண்டாவது. மூன்றாவது கொஞ்சம் முரண்டு பிடித்தது, தோளால் தள்ளி மூடினார். பிறகு கதவுக்கு வந்து மேஸ்திரியைக் கூப்பிட்டார்.

"உன் வீட்டுக்குத்தான் கூரை இல்லையே. பொண்டாட்டி புள்ளைங்களைக் கூட்டிட்டு வா. ஓடு."

மேஸ்திரி ஓடினார். அவரைப் பார்த்துக் கூட்டமும் கலைந்து ஓடியது. தெருவில் ஒவ்வொரு வீடாக ஜன்னல்கள் அறைந்து மூடும் சத்தம் கேட்டது. காத்துக்காரம்மா நிலையத்துக்குத் திரும்ப நேரம் இல்லை. மேற்கே மரங்களின் தலை அசைய ஆரம்பித்திருந்தது.

"நீங்களும் உள்ள வாங்க," என்று அந்த அம்மாள் அவர் கையைப் பிடித்து இழுத்தார். மேஸ்திரி குடும்பத்தோடு வந்து சேர்ந்ததும் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். மூச்சு வாங்க ஒரு கணம் நின்றார்.

"எல்லாத்தையும் மூடியாச்சு. சொல்லுங்கம்மா, எங்க உக்காரணும்?"